எந்த ஊர் ரூபாய்?

ஓசூர்ச் சந்தையில் தக்காளி விற்கும் ஓர் அம்மாளை எனக்குப் பல வருஷங்களாகத் தெரியும். அவளுக்கு நாலு பாஷை வரும். எழுதப் படிக்க ஒன்றுகூட வராது. கூடையை நோக்கிக் குனிகிறவரின் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான். என்னிடம் "முப்பது, சாமி" என்பாள். எனக்கு அடுத்தாற்போல் நிற்கும் பாகலூர்ப் பக்கத்து விவசாயியிடம் "முப்பை" என்பாள். அத்திப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்தவரிடம் "மூவத்து" என்பாள். பர்தா அணிந்த அம்மாளிடம் "தீஸ்" என்பாள். தக்காளி ஒன்று, தராசு ஒன்று, விலை ஒன்று. வாய் மட்டும் நாலு.

முகத்தைப் பார்த்துப் பாஷையைக் கண்டுபிடிக்கும் இந்த வித்தையில் அவள் தவறியதே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் தவறுவாள். ஒரு நாள் என் மனைவியிடம் தெலுங்கில் சொல்லிவிட்டாள். என் மனைவி விழித்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினாள். விஷயம் முடிந்தது. அவளுடைய வியாபாரத்தில் பாஷை தப்பினால் நஷ்டம் யாருக்கும் இல்லை. ஏனென்றால் கொடுக்கிறவர் மடியில் இருப்பதும் வாங்குகிறவள் சுருக்குப் பையில் விழுவதும் ஒரே ரூபாய்.

இந்தச் சின்ன உண்மையை நான் சரியாகக் கவனித்திருந்தால், 2024-ம் ஆண்டில் கடல் கடந்து ஒரு வயதான ஆசிரியைக்கு மூவாயிரம் ரூபாய்ச் சங்கடம் உண்டாக்கியிருக்க மாட்டேன். மூவாயிரம் என்றா சொன்னேன்? எந்த ஊர் ரூபாய் என்று நீங்கள் உடனே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை அல்லவா? அதுதான் கதையே.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் இளந் தம்பதி. அவன் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் வேலை பார்க்கிறான். அவள் வணிகவியல் படித்தவள். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவளுடைய தகப்பனார் காவேரிப்பட்டணத்தில் தச்சர். கிருஷ்ணகிரி மாவட்டம் மாமரங்களின் மாவட்டம். காய்ப்பு ஓய்ந்த கிழ மரங்களை வெட்டும்போது அவர் நல்ல பலகையாகப் பார்த்து வாங்கிவந்து, பொழுது போகாத வேளையில் பல்லாங்குழி செய்வார். நடுவில் கீல் வைத்து மடக்குகிற பலகை. பதினான்கு குழிகளும் உள்ளங்கையை வைத்து அழுத்தினாற்போல் வழவழவென்று இருக்கும்.

"இதை இணையத்தில் விற்றால் என்ன?" என்று அவளுக்கு ஒரு நாள் தோன்றியது. தோன்றிய ஒரு மாதத்தில் கடை திறந்துவிட்டாள். கடை என்றால் கதவு, கல்லாப்பெட்டி எல்லாம் இல்லை. கைப்பேசியும், எங்கள் வீட்டு வராந்தாவில் நல்ல வெளிச்சம் விழும் மூலையும்தான். அங்கே பலகையை வைத்துப் படம் எடுத்தாள். படம் எடுத்து முடித்ததும் என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்கதான் எழுத்தாளராச்சே. படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதிக் குடுங்க."

நான் நாற்பது வரி எழுதிக் கொடுத்தேன். பாட்டிமார்கள், மழைக்காலத்துத் திண்ணை, புளியங்கொட்டை என்று ஒரு சிறுகதைக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. அவள் முப்பத்தாறு வரியை வெட்டிவிட்டாள். பத்திரிகை ஆசிரியர்கள்கூட என்னிடம் இவ்வளவு கண்டிப்பாக நடந்துகொண்டதில்லை. மிஞ்சிய நாலு வரியில் கடைசி வரி இது: "விலை ரூ. 1,200. தபால் செலவு தனி."

அந்த வரியில் ஒரு பிடிவாதம் ஒளிந்திருந்தது. ரூபாய்க்கென்று ஒரு தனிக் குறி இருக்கிறதே, மேலே இரண்டு கோடு போட்டது. அதை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2010-ம் வருஷம் ஜூலை 15-ம் தேதி. அதை வரைந்து கொடுத்த உதயகுமார் தமிழர்தான். அந்தப் பெண் அந்தக் குறியைத்தான் போட்டிருந்தாள். நான்தான் அதை அடித்துவிட்டு, "தமிழில் எழுதுகிறோம், 'ரூ.' என்று போட்டால்தான் பார்க்க அழகு" என்று மாற்றினேன். அந்தக் குறி இந்தியாவுக்கு மட்டுமே உரியது. 'ரூ.' என்பதோ பல வீட்டுக்குச் சொந்தமானது. இந்திய நோட்டில் தமிழ் இருக்கிறது. இலங்கை நோட்டில் தமிழ் இருக்கிறது. மொரீஷியஸ் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. மூன்றும் ரூபாய்தான். மூன்றின் மதிப்பும் வேறு வேறு. இது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்த விஷயம் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராமல் போவதைத்தான் நம் பெரியவர்கள் மறதி என்று சொல்லாமல் அசட்டை என்று சொன்னார்கள்.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேட்டார்கள். பிறகு சிங்கப்பூரிலிருந்து ஒருவர், டொராண்டோவிலிருந்து ஒருவர். பிறகு ஒரு நாள் காலையில் அந்தப் பெண் முகம் வாடி வந்து, கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். யாழ்ப்பாணத்திலிருந்து, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். சுத்தமான தமிழ், ஓர் எழுத்துப் பிழை இல்லை.

"அன்புள்ள பிள்ளைக்கு. பலகையின் விலை ரூ. 1,200 என்று வாசித்துத்தான் என்னுடைய பேத்திக்கு ஒன்று கேட்டேன். வங்கிக் கணக்கில் பலகைக்கு மட்டும் 4,200 ரூபாய்க்கு மேலே கழிந்திருக்கிறது. தபால் காசு அதற்குப் புறம்பு. பிழை விட்டது நானாகவும் இருக்கலாம். இன்னும் அனுப்பவில்லையென்றால் நிற்பாட்ட முடியுமோ? ஓய்வூதியத்தில் இது கொஞ்சம் பெரிய காசு. குறை நினைக்க வேண்டாம்."

அந்தச் சமயத்தில் நம்முடைய ஒரு ரூபாய் அவர்களுடைய மூன்றரை ரூபாய்க்குச் சமம். அவர் 'ரூ.' என்பதைத் தம் வீட்டு ரூபாயாகப் படித்தார். படிக்காமல் என்ன செய்வார்? தமிழில் எழுதியிருந்தது, அவர் தமிழர், அவர் கையில் இருப்பதும் ரூபாய்.

அன்று மாலை எங்கள் வராந்தாவில் பஞ்சாயத்துக் கூடியது.

"கடைசிப் பக்கத்துல ஐ.என்.ஆர்.னு தெளிவாப் போட்டிருக்குமே, சார். அதைப் பார்த்துத்தானே பணம் கட்டணும்? நம்ம மேல என்ன தப்பு?" என்றான் கணவன்.

"ஐ.என்.ஆர்.னா என்னன்னு உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அவள்.

அவன் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. சட்டப்படி அவன் சொன்னது சரி. ஆனால் வியாபாரத்தில் கடைசிப் பக்கத்து மூன்று எழுத்து, முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிய ஒரு வாக்கை எப்படித் திருத்த முடியும்? கடை வாசலில் ஒரு விலை எழுதி, கல்லாவுக்குப் பின்னால் பொடி எழுத்தில் வேறொன்று எழுதிவைத்தவனை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? அவள் ஏமாற்ற நினைக்கவில்லை, ஏமாற்றமாக முடிந்துவிட்டது. அந்த வரியை எழுதியவன் நான்.

பலகையை அனுப்பவில்லை. பணம் முழுவதையும் அன்றே திருப்பி அனுப்பினாள். "அப்பாடா" என்று நானும் மூச்சு விட்டேன். ஒரு வாரம் கழித்து மறு கடிதம் வந்தது: "காசு வந்து சேர்ந்தது. மிகவும் நன்றி. இருநூற்றுச் சொச்சம் குறைவாக இருக்கிறது. அது வங்கிக்காரரின் கணக்கு, உங்களுடையது அல்ல. பரவாயில்லை."

ஒரு காசு பாக்கி வைக்காமல் திருப்பிக் கொடுத்த பணம் எப்படிக் குறையும்? குறையும். பணத்தை மாற்றுகிறவனுக்கு விற்கிற விலை ஒன்று, வாங்குகிற விலை ஒன்று. போகும்போது ஒரு விலைக்கு மாற்றினான். திரும்பும்போது இன்னொரு விலைக்கு மாற்றினான். நடுவில் நாட்களும் நகர்ந்துவிட்டன. வெளிநாட்டுக் கணக்கு என்று முதலில் பிடித்த கூலியை எல்லா வங்கியும் திருப்பித் தருவதில்லை. ஒரு நதியைக் கடக்கப் படகுக்குக் கூலி கொடுத்தோம். "இந்தக் கரை இல்லை" என்று தெரிந்து திரும்பி வந்தாலும் இரண்டு கூலியும் போனதுதானே! "அந்த இருநூறு ரூபாயை நான் அனுப்பிவிடுகிறேன்" என்று வீரமாகச் சொன்னேன். விசாரித்துப் பார்த்ததில், அதை அனுப்புவதற்கு ஆகும் செலவு அதைவிட ஜாஸ்தி என்று தெரிந்தது. ஒரு தப்பு நேர்ந்தபின் அதை முழுக்கத் துடைக்க முடியாது என்று நாவல்களில் பலமுறை எழுதியிருக்கிறேன். வங்கிக் கணக்கிலும் அப்படித்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆசிரியையின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. "எங்கள் ஐயாவின் காலத்தில் இரண்டு ரூபாயும் ஒன்றுதான். சென்னைப் பத்திரிகைகளுக்கு அவர் சந்தா கட்டுவார்."

உண்மைதான். ஒரு காலத்தில் இலங்கையில் புழங்கியதே இந்திய ரூபாய்தான். 1872-ல் அவர்கள் ரூபாயை நூறு சதமாகப் பிரித்துக்கொண்டார்கள். நாம் 1957 வரை அணாவையும் பைசாவையும் கட்டிக்கொண்டு அழுதோம். சில்லறை வேறானாலும் ரூபாய்க்கு ரூபாய் சரியாகவே இருந்தது. 1966-ம் வருஷம் ஜூன் 6-ம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒரு டாலருக்கு 4.76 என்று இருந்தது 7.50 ஆயிற்று. அன்றுதான் இரட்டைப் பிள்ளைகள் பிரிந்தன. அடுத்த ஆண்டு இலங்கையும் மதிப்பைக் குறைத்தது. பிறகு அவரவர் பாதையில் இறங்கிக்கொண்டே வந்தார்கள். பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால், உள்பக்கத்தில் சந்தா விவரம் இருக்கும்: இந்தியாவுக்கு இவ்வளவு, இலங்கைக்கு இவ்வளவு, மலேயாவுக்கு இவ்வளவு. ஆளுக்கு ஆள் அவரவர் ஊரைச் சொல்லி விலை சொன்னார்கள். அந்தப் பத்திரிகை மானேஜர்கள் கம்ப்யூட்டரைக் கண்டதில்லை. ஆனால் 'எந்த ஊர்?' என்று கேட்காமல் விலை எழுதக் கூடாது என்பதை அறிந்திருந்தார்கள்.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். நான் குடியிருக்கும் இந்த எல்லைச் சீமையே இந்தப் பாடத்தைப் படித்த சீமை. கிருஷ்ணகிரியைச் சேர்ந்த பாராமகால் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பினியார் கைக்கு வந்தது. ஓசூர் 1799-ல் திப்பு மாண்டபின் வந்தது. அதற்கு முன் இங்கே மைசூர்க் கணக்கு; கண்டீராயப் பணம் பத்து சேர்ந்தால் ஒரு வராகன். சென்னையில் கும்பினியார் கணக்கிலோ நாற்பத்திரண்டு பணம் சேர்ந்தால்தான் ஒரு வராகன். அங்கேயும் பணம், இங்கேயும் பணம். அங்கேயும் வராகன், இங்கேயும் வராகன். சொல் ஒன்றாகவும் சரக்கு வேறாகவும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், கண்டீராய வராகன் என்று ஒரு நாணயத்தைத் தட்டி ஓசை பார்க்க முடியாது. அது கணக்கில் மட்டும் இருந்த காசு. கையில் கிடைத்ததெல்லாம் குட்டிக் குட்டித் தங்கப் பணம்தான். 'ஒரு வராகனுக்கு விற்றேன்' என்று ஒரு குடியானவன் சொன்னால், 'எந்த வராகன்?' என்று கேட்டுவிட்டுத்தான் அவன் லாபத்தில் இருக்கிறானா நஷ்டத்தில் இருக்கிறானா என்று சொல்ல முடியும்.

இந்தக் குழப்பத்தில் செழித்தவர்கள் சராப்புக்காரர்கள். ஒரு காசை வாங்கி இன்னொரு காசு கொடுப்பார்கள். நடுவில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குத் தமிழில் 'வட்டம்' என்று பெயர். 1818-ல் சென்னை ராஜதானியில் வெள்ளி ரூபாயைப் பொதுவாக்கி, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். 1835-ல் கும்பினி ஆண்ட சீமை முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. என் தக்காளிக்கார அம்மாள் நாலு பாஷையில் ஒரே விலை சொல்ல முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது. கடலைத் தாண்டியதும் அந்தச் சௌகரியம் அறுந்துபோகிறது. வட்டம் மறுபடி முளைக்கிறது, பெயர்தான் வேறு.

"இனிமே ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் அவங்க ஊர்க் காசுல விலை காட்டப் போறேன், மாமா" என்றாள் அந்தப் பெண். கேட்கச் சுலபமாக இருந்தது. ஒரு பெருக்கல் வாய்பாடுதானே என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தபோது, அந்தப் பெருக்கலுக்குள் பெரிய குடும்ப வழக்கே இருந்தது.

முதலாவது, வாங்குகிறவர் எந்த ஊர் என்று எப்படித் தெரியும்? இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் ஊகித்துக்கொள்ளும் என்றாள். ஊகத்தைப் பற்றி ஓசூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டு மாடியில் துணி காயப் போடப் போனாலே, 'கர்நாடகத்துக்கு நல்வரவு' என்று கைப்பேசி வாழ்த்துகிறது. என்னைக் கீழே இறக்கினால் மறுபடி தமிழனாகிவிடுகிறேன். துபாய்க்கு நாலு நாள் வேலையாகப் போன சிங்கப்பூர்க்காரருக்குத் திர்ஹாமில் விலை காட்டி என்ன பிரயோஜனம்? ஆகவே, கம்ப்யூட்டர் ஊகிக்கட்டும். ஆனால் 'நீங்கள் எந்த நாட்டுப் பணத்தில் பார்க்க விரும்புகிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டு, மாற்றிக்கொள்ள இடமும் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தோம். சந்தையில் அந்த அம்மாள் மூன்று விரலைக் காட்டினாளே, அதற்குச் சமானம்.

இரண்டாவது, எண்ணை எழுதுவது. நான் 1,200 என்று எழுதினேன். பாரிஸில் இருக்கிற தமிழர் அதைப் பார்த்தால் திகைப்பார். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் நாம் புள்ளி வைக்கிற இடத்தில் காற்புள்ளி வைப்பார்கள். அந்தக் கண்ணுக்கு என் ஆயிரத்து இருநூறு, ஒன்றே கால் ரூபாய்க்கும் குறைந்த தொகை! ஜப்பானிய யென்னுக்குச் சில்லறையே எழுதுவதில்லை. குவைத் தினாருக்கோ ஆயிரம் பில்ஸ்; புள்ளிக்குப் பின்னால் மூன்று ஸ்தானம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களிடம் டாலர், ரிங்கிட் என்று எழுதலாம். 'வெள்ளி' என்று எழுதினால் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி இருக்கும். ஆனால் சிங்கப்பூர் வெள்ளியா மலேசிய வெள்ளியா என்று சொல்லாவிட்டால், மறுபடியும் யாழ்ப்பாணத்துக் கதைதான்.

மூன்றாவது விஷயந்தான் பெரியது. மாற்று விகிதம் தினமும் மாறுகிறது. நேற்று 19 வெள்ளி 20 காசு என்று பார்த்தவர், வீட்டில் கேட்டுவிட்டு இன்று வந்தால் 19 வெள்ளி 43 காசு. 'நான் ஆசைப்பட்டேன் என்று தெரிந்து ஏற்றிவிட்டார்களோ?' என்று அவருக்குத் தோன்றும். அதற்காக ஒரே தொகையைக் கெட்டியாக எழுதி வைத்துவிட்டால்? இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 203 ரூபாய் இருந்தது. மே மாதத்தில் 360-ஐ எட்டியது. அந்த மார்ச் முதல் வாரத்தில் இந்தப் பெண் 'இலங்கை ரூபாய் 3,200' என்று பலகைக்கு விலை எழுதித் தூங்கியிருந்தால், மே மாதத்தில் அவள் கைக்கு நம் பணம் ஏழு நூறு ரூபாய் போலத்தான் வந்திருக்கும். மரத்துக்கும் கூலிக்கும் கூடக் காணாது.

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புதிதல்ல. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அவர்கள் டாலர் விலை சொல்லுகிறார்கள். விவசாயிக்கு ரூபாயில் கொடுக்கிறார்கள். நடுவில் டாலர் ஆடினால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, இன்ன தேதிக்கு இன்ன விலைக்கு மாற்றிக்கொள்வோம் என்று வங்கியோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. பத்துப் பலகை விற்கிற பெண்ணுக்காக எந்த வங்கி அப்படி எழுதிக் கொடுக்கும்? அவளுக்குத் தன் சொந்த நெஞ்சழுத்தம்தான் காப்பு.

"எதுக்கு இவ்வளவு தொல்லை? அவங்க ஊர்க் காசிலேயே வாங்கிட்டா முடிஞ்சுது" என்றான் கணவன். என் சொந்த அனுபவம் ஒன்றை அவனுக்குச் சொன்னேன். ஒரு முறை சிங்கப்பூரில் ஒரு கடையில் நாற்பது வெள்ளிக்குச் சாமான் வாங்கினேன். அட்டையைத் தேய்த்ததும் அந்தச் சின்ன இயந்திரம், 'சிங்கப்பூர் வெள்ளியா, இந்திய ரூபாயா?' என்று கேட்டது. கடல் கடந்த இடத்தில் என் ஊர்க் காசைச் சொல்லிக் கேட்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தேசபக்தியோடு ரூபாயை அழுத்தினேன். ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தால், அன்றைய விகிதத்துக்கு மேல் நூற்றுச் சொச்சம் ரூபாய் கூடக் கழிந்திருந்தது. என் ஊர்க் காசில் விலை சொல்லிய மரியாதைக்கு ஒரு கூலி! அந்த இயந்திரத்துக்குள்ளே ஒரு சராப்புக்காரர் உட்கார்ந்துகொண்டு வட்டம் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன விகிதம் என்று பார்க்காமல் அழுத்திய குற்றம் என்னுடையது. ஆனால் அந்தக் கேள்வி அவ்வளவு அன்பாகக் கேட்கப்பட்டதும் அதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருவரிடம் அவர் ஊர்க் காசில் விலை சொல்வது நல்ல பண்பு. ஆனால் சொல்கிறபோதே ஒரு வாக்கும் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தொகைதான் அவர் கணக்கில் கழியும் என்றால், விகிதம் ஆடுகிற நஷ்டம் நம்முடையது; மனமார ஏற்றுக்கொள்ள வேண்டும். நாம் வாங்கப்போவது நம் ரூபாய்தான், அவர் காசில் காட்டுவது அவர் மனசில் பிடிபடுவதற்காக மட்டும் என்றால், அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, காட்டும்போது ஒரு தொகையும் கழிக்கும்போது ஒரு தொகையும் வைப்பதில்தான் ஆசிரியையின் மூவாயிரம் சிக்கிக்கொண்டது.

மூன்று மாலைகள் பேசி, கடைசியில் இப்படி முடிவாயிற்று. சிங்கப்பூர், மலேசியா, கனடா ஆகிய நாடுகளுக்கு அவரவர் காசில் சில்லறை இல்லாத முழுத் தொகையாக ஒரு விலை. மாதம் முதல் தேதி பார்த்துத் திருத்துவது. நடுவில் எது நடந்தாலும் எழுதிய விலைதான். விகிதம் கொஞ்சம் ஆடினாலும் தாங்குகிற அளவுக்கு அந்தத் தொகையில் சிறிது இடம் விட்டுக்கொண்டாள். அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இலங்கை ரூபாயை அவளுக்காகப் பணம் வசூலித்துத் தருகிறவர்கள் வாங்குவதில்லை. அங்கே இந்திய ரூபாய்தான் கழியும். ஆகவே அந்த நாட்டுக்கு மட்டும் வேறு வாசகம் வேண்டியிருந்தது.

"மாமா, நீங்கதான் எழுதணும்" என்றாள்.

இந்தத் தடவை நான் நாற்பது வரி எழுதவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: "விலை இந்திய ரூபாய் 1,200. இது இன்றைக்கு ஏறத்தாழ இலங்கை ரூபாய் 4,200 ஆகும். உங்கள் வங்கி கழிக்கும் தொகை இதைவிடச் சற்றுக் கூடலாம். தபால் செலவு தனி." நாவல் நாவலாக எழுதியவனுக்கு, 'ஏறத்தாழ' என்ற சொல்லின் அருமை அன்றுதான் தெரிந்தது. அவள் ஓர் எழுத்தையும் வெட்டவில்லை. எண்ணை மட்டும் தினமும் கம்ப்யூட்டர் மாற்றிக்கொள்ளும்படி செய்தாள்.

இதன் பிறகு யாழ்ப்பாணத்து வியாபாரம் பெருகியது என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி நடக்கவில்லை. மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பலர் வந்து பார்க்கிறார்கள்; விலையைப் படிக்கிறார்கள்; போய்விடுகிறார்கள். "பழைய மாதிரியே விட்டிருந்தா நாலு பேராவது வாங்கியிருப்பாங்க" என்று கணவன் ஒரு நாள் முணுமுணுத்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் மேலே பேசவில்லை. விலை தெரிந்து போகிறவர் நாளைக்குக் கையில் காசு இருக்கும்போது வருவார். தெரியாமல் வாங்கியவர் மறுபடி வருவாரா?

ஆசிரியைக்குப் புதிய வாசகத்தைக் காட்டிக் கடிதம் எழுதினாள். பதில் ஒரு படத்தோடு வந்தது. பலா மரத்தில் ஒரு பல்லாங்குழிப் பலகை. அதன் முன்னால் ஒரு சிறு பெண், பல் இரண்டு விழுந்த சிரிப்போடு. "இப்போது விலை நல்ல வடிவாக விளங்குகிறது. ஆனால் அது எனக்குக் கட்டுபடியாகாது. உங்களுடைய படத்தைக் காட்டி இங்கே ஒரு தச்சரிடம் செய்வித்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்."

காவேரிப்பட்டணத்திலிருந்து தகப்பனார் வந்திருந்தார். தன் கைத் திறமையை ஒருவர் படம் பார்த்துக் காப்பி அடித்துவிட்டாரே என்று வருத்தப்படுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் கைப்பேசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

"குழி ஆழம் பத்தாதும்மா. முத்து தெறிச்சு வெளியே விழும். அந்த அம்மாவுக்கு எழுது."

"எவ்வளவு ஆழம்னு எழுதட்டும், அப்பா? அங்குலத்துலயா, சென்டிமீட்டர்லயா?"

அவர் கட்டை விரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் கணு வரைக்கும் மற்ற விரலால் அளந்து காட்டினார்.

"இவ்வளவுன்னு எழுது. அவங்க ஊர்த் தச்சனுக்குப் புரியும்."